சப்பென்று இருக்கட்டும்: ஊட்டிக் குளிரில் டோஃபு சமைக்கத் தொடங்குபவர்களுக்கு

பாக்கெட்டின் மேல் 'சோயா பன்னீர்' என்று அச்சடித்திருந்தார்கள். அந்தப் பெயரை நம்பினேன். ஊட்டிக்குக் குடிவந்த முதல் ஆண்டில், விருந்தினர் வந்திருந்த ஓர் இரவு, பன்னீர் பட்டர் மசாலாவுக்கு என்னென்ன செய்வேனோ அத்தனையும் செய்து, கடைசியில் அதைத் துண்டுபோட்டுக் கொட்டினேன். முந்திரி விழுது, வெண்ணெய், கசூரி மேத்தி எல்லாம் வீடு முழுக்க மணத்தன. முதல் துண்டை வாயில் வைத்ததும் பந்தியில் பேச்சு நின்றது. "அண்ணி, பன்னீர் கொஞ்சம் பழையதோ?" என்று நாத்தனார் மெதுவாகக் கேட்டாள். பழையது இல்லை. பன்னீரே இல்லை.

குற்றம் டோஃபுவுடையது அல்ல, பெயருடையது. பன்னீர் என்பது பாலைத் திரித்து எடுப்பது. பால்கொழுப்பு அதில் நிறைய இருப்பதால் வெண்ணெயும் தக்காளியும் சேர்ந்த குழம்பில் அதற்குத் தனியாக ஒரு ருசி நிற்கிறது. டோஃபு சோயா மொச்சையை ஊறவைத்து, அரைத்து, பாலெடுத்து, காய்ச்சி உறையவைப்பது. வெள்ளையாகவும் சதுரமாகவும் இருப்பதைத் தவிர இரண்டுக்கும் சம்பந்தம் குறைவு. உறவுமுறை சொல்வதானால் டோஃபு துவரைக்கும் மொச்சைக்கும் பங்காளி. பருப்பைச் சமைக்கிற கையோடு அதை அணுகினால் வழிக்கு வரும். பன்னீர் என்று நினைத்து அணுகினால் கடைசிவரை பழைய பன்னீராகவே இருக்கும்.

"சப்பென்று இருக்கிறது" என்பதுதான் இதன்மேல் எல்லோரும் சொல்லும் குறை. இட்லி மட்டும் என்னவாம்? வெறும் இட்லியை யாராவது தின்று பார்த்துவிட்டு ருசி இல்லை என்று தள்ளிவைக்கிறோமா? அதற்குப் பொடியும் எண்ணெயும் வேண்டும், சட்னி வேண்டும், சாம்பாரில் மூழ்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். சப்பென்று இருப்பது இட்லியின் குணம். டோஃபுவும் அந்தச் சாதி. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அது இறைச்சிக்கு மாற்றாக வந்த சைவப் பண்டம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் புகழ்பெற்ற மாபோ டோஃபுவில் கொத்திய இறைச்சியும் டோஃபுவும் ஒரே சட்டியில்தான் வேகின்றன. அங்கே யாரும் அதை எதற்கும் மாற்றாக நினைத்துச் சாப்பிடுவதில்லை.

இனி வேலைக்கு வருவோம்.

கடையில் பார்க்க வேண்டியவை

ஊட்டியிலும் குன்னூரிலும் பெரிய மளிகைக் கடைகளின் குளிர்பெட்டியில் பெரும்பாலும் கிடைப்பது கெட்டி டோஃபு. 200 கிராம் பாக்கெட், உள்ளே கொஞ்சம் தண்ணீர் இருக்கும் அல்லது காற்றில்லாமல் இறுக்கி அடைத்திருப்பார்கள். விரலால் அழுத்தினால் குழிந்து மீள வேண்டும். இன்னொரு வகை பட்டு டோஃபு. கேரமல் புட்டிங் போல வழுக்கிக்கொண்டு போகும். சிறிய அட்டைப் பெட்டியில் எப்போதாவது வரும், விலையும் கூடுதல். தொடங்குபவர்கள் கெட்டி வகையையே வாங்குங்கள். பட்டு டோஃபுவைக் கையாளப் பழக்கம் வேண்டும்.

தேதியைப் பார்ப்பது போதாது, பாக்கெட்டின் வயிற்றையும் பாருங்கள். உப்பியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். "இந்த ஊர்க் குளிருக்கு வெளியே வைத்தாலும் கெடாதும்மா" என்று ஒரு கடைக்காரர் என்னிடம் ஒருமுறை உறுதி சொன்னார். அவர் முறுக்குப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்ததை நானும் வாங்கிவந்தேன். பிரித்ததும் புளித்த மாவு வாடை, தொட்டால் கொழகொழப்பு. ஊட்டியிலும் பகல் வெயில் வெயில்தான். ஃபிரிட்ஜில் இருப்பதை மட்டும் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்து பிரித்தபின் மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டு, மூழ்கும்வரை குடிநீர் ஊற்றி, மூடி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். தண்ணீரைத் தினமும் மாற்றினால் மூன்று நான்கு நாள் தாங்கும். நல்ல டோஃபுவுக்கு வேகவைத்த பச்சை மொச்சையின் மெல்லிய வாசனை உண்டு. அது கெட்டதன் அடையாளம் அல்ல. புளிப்பு வாடையும் வழவழப்பும்தான் கெட்டதன் அடையாளம்.

சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். தைராய்டு மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் மாத்திரைக்கும் சோயா உணவுக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சோயா அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கக்கூடும்.

தண்ணீரை என்ன செய்வது

டோஃபுவின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். எந்தச் சமையல் குறிப்பைப் பார்த்தாலும் முதல் வரியே "நன்றாகப் பிழிந்துகொள்ளவும்" என்றுதான் இருக்கும். எனக்கு இதில் உடன்பாடில்லை. எல்லாவற்றுக்கும் பிழிந்தால், அதன் மென்மையைக் கழுவித் தொட்டியில் ஊற்றிவிட்டுச் சக்கையைச் சமைத்த மாதிரி ஆகும். என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பொறுத்தே தண்ணீரை எடுக்க வேண்டும்.

ஆவியில் சூடாக்கவோ ரசத்தில் போடவோ என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். துணியில் ஒற்றி எடுத்தால் போதும்.

பொடிமாசுக்கு என்றால் பாரம் வைக்க வேண்டும். டோஃபுவை இரண்டு மடிப்புத் துணிக்குள் வைத்து, மேலே ஒரு தட்டு, தட்டின்மேல் அம்மிக் குழவி. குழவி இல்லாத வீட்டில் தண்ணீர் நிறைத்த பித்தளைச் செம்பு. 20 நிமிடம். அதற்குமேல் கனத்தை ஏற்றினால் நடுவில் விரிந்து உடையும்.

தோசைக்கல்லில் வாட்டுவதற்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. கேட்டால் நம்ப மாட்டீர்கள். தண்ணீரை எடுக்க, கொதிக்கும் தண்ணீரை ஊற்ற வேண்டும். இரண்டு கப் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டு, விரல் கனத்துக்கு வெட்டிய துண்டுகளின்மேல் ஊற்றி 15 நிமிடம் விடுங்கள். சூடும் உப்பும் சேர்ந்து வெளிப்புறத்தை இறுக்கி உள்ளிருக்கும் நீரைக் கொஞ்சம் வெளியேற்றும். உப்பும் உள்ளே ஏறும். பிறகு வடித்துத் துணியில் பரப்பி ஆறவிட்டால், அந்தச் சூட்டிலேயே மேற்புறம் உலர்ந்துவிடும். பட்டர் மசாலாவில் என் டோஃபு தோற்றதற்கு உப்பு உள்ளே போகாததும் ஒரு காரணம். வெளியே அத்தனை மசாலா இருக்க, கடித்தால் நடுவில் வெறும் வெள்ளை.

முதல் நாள்: இட்லிப் பானை

டோஃபுவின் ருசி எதுவென்று தெரிந்துகொள்ள மசாலா இல்லாமல் ஒருமுறை சாப்பிட வேண்டும். ஜப்பானில் கோடைக்காலத்தில் குளிர்ந்த டோஃபுவின்மேல் துருவிய இஞ்சியும் சோயா சாஸும் விட்டு அப்படியே சாப்பிடுவார்கள். குளிர்காலத்தில், குறிப்பாகக் கியோட்டோ பக்கம், வெந்நீரில் மெதுவாகச் சூடாக்கிச் சாப்பிடுவார்கள். நம் மலைக்கு இரண்டாவதே பொருத்தம். பாக்கெட் வழியெல்லாம் குளிரிலேயே வந்ததா என்று நமக்குத் தெரியாது, ஆகவே சூடாக்கிச் சாப்பிடுவது பாதுகாப்பும்கூட.

டோஃபுவை இரண்டு விரல் கனத்துப் பாளங்களாக வெட்டி, ஒரு குழிவான தட்டில் வைத்து, இட்லிப் பானையில் 8 முதல் 10 நிமிடம் ஆவி காட்டுங்கள். அது ஏற்கெனவே வெந்த பொருள், சூடேறினால் போதும். தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டிருக்கும், அதைச் சாய்த்துவிடுங்கள்.

இப்போது ஒரு விள்ளல் ஒன்றும் போடாமல் சாப்பிடுங்கள். முதலில் சூடு, பிறகு நாக்கில் படும் அந்த வழுவழுப்பு, கடைசியில் பச்சை மொச்சையின் இலேசான தித்திப்பு. அவ்வளவுதான். அது பிடிபட்டபின் மேலே இட்லி மிளகாய்ப் பொடியைத் தூவி, நல்லெண்ணெயைத் தாராளமாக விடுங்கள். பொடியும் எண்ணெயும் சேர்ந்து சூட்டில் இளகி ஓரங்களில் வழியும். இட்லி பொடியை உறிஞ்சிக்கொள்ளும், டோஃபு உறிஞ்சாது. காரம் மேலேயே நிற்க, உள்ளே குளுமை அப்படியே இருக்கும். பல் கட்டிய என் அப்பா இங்கே வந்து தங்கும் நாட்களில் காலைப் பலகாரமே இதுதான். பெயர் மட்டும் இன்றுவரை அவர் வாயில் நுழையவில்லை. "அந்த வெள்ளைக் கட்டி இருக்கிறதாம்மா?" என்பார்.

பொடி அலுத்தால் மரத்தக்காளி இருக்கிறது. இந்த மலைகளுக்கு வந்து புதிதாகக் குடியேறியவர்கள் இந்தப் பழத்தை மார்க்கெட்டில் பார்த்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் கடந்துபோகிறார்கள். முட்டை வடிவில், கருஞ்சிவப்பாக, காம்போடு இருக்கும். அடுப்புத் தணலில் நேராகக் காட்டித் தோல் வெடிக்கும்வரை சுட்டு, தோலை முழுக்க உரித்துவிடுங்கள். தோல் கசக்கும். உள்ளிருக்கும் சதையைச் சுட்ட பச்சைமிளகாய், நான்கு பல் மலைப்பூண்டு, உப்போடு சேர்த்து மத்தால் மசித்தால் புளிப்பும் புகையுமாக ஒரு சட்னி. சூடான டோஃபுவின்மேல் அதை ஒரு கரண்டி விட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். சாதாரணத் தக்காளியில் இந்தக் கூர்மை வராது.

இரண்டாம் நாள்: தோசைக்கல்

வாட்டுவதில் எல்லோருக்கும் நடக்கும் விபத்து ஒன்றுதான். கல்லில் ஒட்டிக்கொள்ளும், திருப்பினால் தோல் கல்லோடு, சதை கரண்டியோடு. அதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்.

பழகிய இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விடுங்கள். உப்பு வெந்நீரில் ஊறி உலர்ந்த துண்டுகளை ஒன்றோடொன்று படாமல் அடுக்குங்கள். உடனே சடசடவென்று பெரிய சத்தம் வரும். அது தண்ணீர் போகிற சத்தம். அந்தச் சத்தம் இருக்கும்வரை கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். நான்கைந்து நிமிடத்தில் சத்தம் தணிந்து, எண்ணெயின் மெல்லிய கிசுகிசுப்பு மட்டும் மிஞ்சும். அப்போது ஒரு துண்டின் ஓரத்தைத் தோசைத்திருப்பியால் தொட்டால் அது தானாகவே நகரும். நகராவிட்டால் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். அடிப்புறம் முறுகல் தோசையின் நிறத்துக்கு வந்திருக்கும். திருப்பிப் போட்டு மூன்று நிமிடம்.

வாட்டியதை எடுத்து வைத்துவிட்டு, அதே கல்லில் நசுக்கிய பூண்டு, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு, மெல்லியதாக வெட்டிய லீக்ஸ் அல்லது வெங்காயத்தாள். லீக்ஸ் துவண்டதும் டோஃபுவைச் சேர்த்து, ஒரு தேக்கரண்டி சோயா சாஸை ஓரத்தில் விட்டு இரண்டு புரட்டுப் புரட்டினால் முடிந்தது. சாஸிலேயே உப்பு இருப்பதால் மேற்கொண்டு உப்பு வேண்டாம். லீக்ஸ், செலரி, புரோக்கோலியை எல்லாம் இங்கே சைனீஸ் காய்கறி என்கிறார்கள். அவற்றின் பூர்வீகம் மத்தியதரைக் கடலோரம். பெயர் வைப்பதில் சோயா பன்னீருக்குக் கூட்டாளி இருக்கிறது என்று எனக்கு ஒரு திருப்தி. சீனர்களே இந்த மலைக்கு வந்ததும் உண்டு, அது 19ஆம் நூற்றாண்டில், கைதிகளாக, ஊட்டிக்குப் பக்கத்து நடுவட்டத்தில், மலேரியா மருந்துக்காகப் பட்டை உரிக்கும் சின்கோனா மரத் தோட்டங்களில் வேலை செய்ய.

பொடிமாஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முட்டைப் பொடிமாஸ் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும். பாரம் வைத்த டோஃபுவைக் கையால் உதிர்த்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் மஞ்சள்தூளும் வதங்கியபின் போட்டு, ஈரம் வற்றும்வரை கிளறுங்கள். கத்தியால் வெட்ட வேண்டாம், கையால் உதிர்த்தால்தான் மசாலா பிடிக்க இடுக்குகள் கிடைக்கும்.

குழம்பிலும் ரசத்திலும்

டோஃபுவைத் தளதளவென்று கொதிக்கவிட்டால் உள்ளே சிறுசிறு துளைகள் விழுந்து இறுகும். மெதுவாகச் சூடாக்கினால் துளையின்றி மென்மையாகவே இருக்கும். குழம்புக்குத் துளை வேண்டும், ரசத்துக்குத் துளை கூடாது.

புளிக்குழம்புக்கு: பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டு வழக்கம்போலக் குழம்பைக் கூட்டி, பச்சை வாசனை போனபின் வாட்டிய டோஃபுத் துண்டுகளைப் போட்டு 20 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். துளைகளில் புளியும் காரமும் ஏறும். அன்று இரவே சாப்பிடுவதைவிட, இறக்கி ஆறவைத்து மறுநாள் காலையில் சுடவைத்துச் சாப்பிட்டால் வேறு குழம்பு. குழம்பு முதலில் கொஞ்சம் தூக்கலாக உப்பும் புளியுமாக இருக்க வேண்டும், டோஃபு தன் தண்ணீரை விட்டு அதைச் சமன்செய்துவிடும். படுகர் வீடுகளில் அவரையும் உருளைக்கிழங்கும் சேர்த்து வைக்கும் குழம்பைப் பக்கத்து வீட்டு அக்கா எனக்குச் சொல்லித் தந்தார். அதிலும் கடைசி கால் மணி நேரத்துக்கு நான் டோஃபுவைச் சேர்க்கிறேன். அவரைக்கு அது அந்நியம் இல்லை. அக்கா முதலில் முகத்தைச் சுளித்துவிட்டு, பிறகு இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

மிளகு ரசத்துக்கு விதி தலைகீழ். நுரை கூடும்போது ரசத்தை இறக்க வேண்டும் என்று நமக்குப் பாட்டிகள் சொல்லியிருக்கிறார்கள். அதுவேதான் டோஃபுவுக்கும் அளவு. பிழியாத, வாட்டாத டோஃபுவைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிறிய கட்டங்களாக வெட்டி, ரசம் சூடேறும்போது போட்டுவிடுங்கள். நுரை பொங்கி வரும்போது டோஃபுவும் சூடேறி மேலே மிதக்கும். இறக்கிவிடலாம். ஜூலை மாத மழையில், மூன்று நாளாகத் துணி காயாத ஒரு மாலையில், ஒரு கிண்ணம் மிளகு ரசமும் அதில் இந்த வெள்ளைக் கட்டங்களும் இருந்தால் எனக்கு வேறு இரவுச் சாப்பாடு தேவைப்படுவதில்லை.

உறைபனியும் ஃபிரீசரும்

ஜப்பானில் கோயா மலையில் குளிர்கால இரவில் டோஃபுவை வெளியே வைத்து உறையவைத்து, பிறகு உலர்த்தி எடுக்கும் பழக்கம் பழையது. கோயா டோஃபு என்றே அதற்குப் பெயர். இதைக் கேள்விப்பட்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. நமக்கும் மலை இருக்கிறது, ஜனவரியில் புல்வெளி வெளுத்துக் கிடக்கிறது, கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டி எடுக்கிறோம். ஒரு ராத்திரி எவர்சில்வர் தட்டில் டோஃபுத் துண்டுகளைப் பரப்பி, பூனைக்குப் பயந்து கம்பிக் கூடையைக் கவிழ்த்து, துணி துவைக்கும் கல்லின்மேல் வைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் தட்டின் விளிம்பெல்லாம் வெள்ளைப் பூ. டோஃபுவின்மேல் கண்ணாடித்தாள் கனத்துக்கு ஒரு பனித்தோல். கத்தியால் அழுத்தினேன், நேராக உள்ளே இறங்கியது. நடுவெல்லாம் முந்தைய நாள் மாதிரியே இருந்தது.

மேகமில்லாத இரவில் புல்லும் தட்டும் தம் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துபோகும். அதனால் காற்று உறைநிலையைத் தொடாத இரவிலும் புல்மேல் உறைபனி படியும். ஒரு கட்டி டோஃபு நடுவரை உறைய, காற்றே பல மணி நேரம் பூஜ்யத்துக்குக் கீழே நிற்க வேண்டும். ஊட்டியின் உறைபனி படம் எடுக்க நன்றாக இருக்கும், டோஃபுவுக்குப் போதாது. ஃபிரீசரில் வையுங்கள்.

பாக்கெட்டோடு அல்லது துண்டுபோட்டு ஓர் இரவு முழுக்க வைத்தால் வெண்ணெய் போல மஞ்சள் நிறமாகிக் கல்லாகும். பயப்பட வேண்டாம், இளகினால் பழைய நிறம் வரும். உள்ளிருந்த நீர் பனிக்கட்டியாகி விரிந்து இடம் பிடித்ததில், இளகியபின் கடற்பஞ்சு போலத் துளைதுளையாக இருக்கும். வெந்நீரில் போட்டு இளக்கி, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, ஊறிய சோயா உருண்டையைப் பிழிவது போலப் பிழியுங்கள். உடையாது. கடிக்கச் சற்று வலுவான இந்த வகை குருமாவுக்கும் மிளகு வறுவலுக்கும் உகந்தது. மசாலாவை ஊறவைத்தால் ஊறுவது இதில் மட்டும்தான். சாதாரண டோஃபுவை ஒரு மணி நேரம் மசாலாவில் புரட்டி வைத்தாலும் மேல்தோல்தான் நனையும்.

வீட்டில் எடுப்பது

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் வேண்டும். ஆனால் அன்று எடுத்த டோஃபுவை வெதுவெதுப்பாகச் சாப்பிட்டவர்களுக்குப் பாக்கெட் டோஃபு கொஞ்சம் அலுத்துப்போகும் என்று எச்சரித்துவிடுகிறேன்.

சோயா மொச்சை 250 கிராம். கழுவி, மூன்று மடங்கு தண்ணீரில் ஊறவையுங்கள். சமவெளியில் எட்டு மணி நேரம் போதும், ஊட்டிக் குளிரில் 12 முதல் 14 மணி நேரம். கடிகாரத்தைவிட மொச்சையை நம்புங்கள். ஒன்றை எடுத்து இரண்டாகப் பிளந்து உட்புறத்தைப் பாருங்கள். இரண்டு பாதியும் தட்டையாக, ஒரே நிறத்தில் இருந்தால் ஊறிவிட்டது. நடுவில் குழிவிழுந்து நிறம் மாறியிருந்தால் இன்னும் நேரம் வேண்டும்.

அரைக்கும்போது சுடுநீர் விட்டு அரையுங்கள். சோயாவில் உள்ள ஒரு நொதி, பச்சைத்தண்ணீரில் அரைபடும்போது வேலைசெய்து, பலருக்குப் பிடிக்காத அந்தப் பச்சை வாடையை உண்டாக்கும். நல்ல சூடு அதை அடக்கிவிடும். கொதிக்கக் கொதிக்க மிக்ஸியில் ஊற்றி மூடியைத் திறந்துவிடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மூடியைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அரையுங்கள். அரைக்கவும் கழுவவும் சேர்த்து மொத்தம் 2 லிட்டர் தண்ணீர். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி இறுகப் பிழிந்தால் பால் ஒரு பாத்திரம், சக்கை ஒரு பாத்திரம்.

பாலைக் காய்ச்ச, அளவைவிட இரண்டு மடங்கு பெரிய பாத்திரம் எடுங்கள். சோயாப் பால் கொதிநிலைக்கு வெகு முன்பே நுரைத்துப் பொங்கும். அது பொய்க் கொதி. பொங்கியது என்று அடுப்பை அணைத்துவிடக் கூடாது. பச்சை சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன, நன்றாகக் கொதித்தால்தான் அவை பெரும்பாலும் செயலிழக்கும். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகாத கதை உங்களுக்கே தெரியும். ஆகவே சமவெளிக் குறிப்பில் 10 நிமிடம் என்று இருந்தால் இங்கே 20 நிமிடம், அடி பிடிக்காமல் துழாவிக்கொண்டே.

அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் விடுங்கள், அதற்குமேல் வேண்டாம், இங்கே சீக்கிரம் ஆறிவிடும். மேலே ஆடை கட்டத் தொடங்குவதுதான் பதம். எலுமிச்சைச் சாறு 4 மேசைக்கரண்டியை அரை கப் தண்ணீரில் கலந்து, மூன்று தடவையாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்துங்கள். தயிர் கடைவது போலக் கலக்கினால் பொடிந்துவிடும். மூடி 15 நிமிடம் வைத்துத் திறந்தால் வெள்ளைத் திரளும் இளமஞ்சள் நீரும் பிரிந்திருக்கும். நீர் இன்னும் பால் நிறமாக இருந்தால் சாறு போதவில்லை, ஒரு மேசைக்கரண்டி கூட்டுங்கள்.

எலுமிச்சையில் செய்தால் இலேசான புளிப்பு நிற்கும், சற்றே பொலபொலவென்றும் இருக்கும். ஜப்பானியர்கள் நிகாரி என்பதைப் பயன்படுத்துகிறார்கள், கடல்நீரில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் நீரில் கிடைக்கும் மெக்னீசியம் குளோரைடு அது. சீனாவில் ஜிப்சம் என்னும் கால்சியம் உப்பு அதிகம். உணவுத் தரம் என்று அச்சிட்ட பாக்கெட் கிடைத்தால் இரண்டுமே எலுமிச்சையைவிட மேல். ஆனால் உரக்கடையில் மண்ணுக்குப் போடவென்று விற்கும் ஜிப்சத்தை வாங்கிவந்துவிடாதீர்கள். கேரட் தோட்டத்துக்குப் போட வேண்டியதை வயிற்றுக்குப் போடக் கூடாது.

திரளைத் துணி விரித்த வடிதட்டில் மெதுவாக அள்ளிப் போட்டு, துணியை மடித்து, அதே அம்மிக் குழவியை ஏற்றுங்கள். 15 நிமிடத்தில் மெத்தென்று, 40 நிமிடத்தில் கெட்டியாக. பிறகு குளிர்ந்த தண்ணீரில் இறக்கித் துணியைப் பிரித்தால் துணியின் இழை முழுக்கப் பதிந்த ஒரு கட்டி, 400 கிராம் அளவுக்கு வரும். ஓரத்தை வெட்டி, உப்பும் இரண்டு சொட்டு நல்லெண்ணெயும் விட்டு, நின்ற இடத்திலேயே சாப்பிடுங்கள். பிறகு வீட்டில் மற்றவர்களைக் கூப்பிடலாம்.

சக்கையை எறியாதீர்கள். அது இன்னும் முழுக்க வேகாத சோயா, நன்றாக வெந்தால்தான் சாப்பிட வேண்டும். அடை மாவில் மூன்றில் ஒரு பங்கு கலந்து மெல்லியதாக, நிதானமான தீயில் ஊற்றினால் ஓரம் மொறுமொறுவென்று வரும். வெங்காயம், சோம்பு, கொஞ்சம் கடலை மாவு சேர்த்து வடையாகவும் தட்டலாம். ஃபிரிட்ஜில் இரண்டு நாளுக்குமேல் வைக்க வேண்டாம். வடிந்த மஞ்சள் நீரைக் கொட்டிவிடாமல், பால் காய்ச்சிய பாத்திரத்திலேயே ஊற்றி ஊறவிடுங்கள். சோப்பு போலக் கொஞ்சம் நுரைக்கும். எவ்வளவு துழாவினாலும் அடியில் ஒரு பழுப்பு வட்டம் பிடித்திருக்கும், மாலையில் தேய்த்தால் அது சிரமமில்லாமல் பெயர்ந்து வரும்.